ரஷ்யப் பாடநூலில் ஐந்தாவது ரோஜா

நல்ல எண்ணத்தில் நான் செய்கிற வேலைதான் எப்போதும் சந்தி சிரிக்கும். கெட்ட எண்ணத்தோடு செய்ததெல்லாம் ஒழுங்காகவே முடிந்திருக்கிறது.

முதலியார்பேட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்தத் தகுதியை நம்பி, பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி சொல்லித்தரும் வேரா தன் பாடநூலை வடிவமைக்கச் சொன்னாள். ரஷ்யாக்காரி, அரியாங்குப்பத்தில் வாக்கப்பட்டவள். தமிழில் என்னைவிட நன்றாகச் சண்டை போடுவாள்.

புத்தகத்தைப் பார்க்க அவள் அம்மா ரஷ்யாவிலிருந்து வருவதாக இருந்தது. பெரிய ஆபரேஷனில் பிழைத்து எழுந்தவர். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேராவின் ஆசை. உடனே என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்தாலே எனக்குப் பயம்.) வேராவுக்குத் தெரியாமல் அவள் கணவரிடம் அம்மாவின் போட்டோவை வாங்கி, முதல் பக்கத்தில் வைத்தேன். மாலை போடவில்லை. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை கூடாது என்று எனக்குத் தெரியாதா? அஞ்சலி போஸ்டர் அடித்துச் சாப்பிடுகிறவள் நான்! மூலைக்கு ஒன்றாக நான்கு ரோஜா வைத்தேன். கச்சிதம்.

வெளியீட்டு நாளன்று வகுப்பறையில் பிள்ளைகள் கையிலெல்லாம் புத்தகம். அம்மா முதல் பக்கத்தைத் திறந்தார். ரோஜாக்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க? எங்கம்மாவ சாவடிச்சிட்டியே!" என்றாள் வேரா.

"நாலு பூ வெச்சது ஒரு குத்தமாடி?"

"எங்க ஊர்ல ரெட்டப்படையில பூ வெச்சா பொணத்துக்கு! உசுரோட இருக்கறவங்களுக்கு ஒத்தப்படைதான்."

எனக்கு அவமானம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். "எல்லாத்தையும் குடு, கிழிச்சிப் போட்டுர்றேன்" என்று கத்திக்கொண்டே அந்தப் பக்கத்தைப் பிடித்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் படத்தின் தலைக்கு மேல் இன்னொரு பூ வரைந்தார். முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. பார்த்துவிட்டு அவரே சிரித்தார். ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார்.

"செத்துப் பொழச்சவதானே நானு, கூட ஒரு பூ இருந்தா போதும்ங்கறாங்க" என்றாள் வேரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பிள்ளைகளும் தங்கள் புத்தகத்தில் ஆளுக்கொரு பூ வரைந்தார்கள். குருசுக்குப்பத்துப் பெண் ஒருத்தி மட்டும் வஞ்சிரம் மீன் வரைந்தாள். ("பூ வரல டீச்சர்.") அடுத்த பதிப்பிலும் அம்மாவின் முட்டைக்கோஸை அப்படியே வைத்தேன். அழகான ரோஜா போட என் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எனக்குத்தான் மனசு வரவில்லை.

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் இப்போதும் என் வீட்டுக்காரர் நான்கு ரோஜா வாங்கிவந்து கீபோர்டு மேல் வைப்பார்.

"இன்னாய்யா, என்னைச் சாவடிக்கப் பாக்கறியா?" என்று கத்துவேன்.

சட்டைப் பையிலிருந்து ஐந்தாவதை எடுப்பார். பெரும்பாலும் அது நசுங்கித்தான் இருக்கும்.