முதல் ஆளுக்கு இரண்டு கோடு

இந்த முறை விசேஷம் என்றால் முதல் ஆளாகத் தனக்குத்தான் தெரிய வேண்டும். எலக்ட்ரீஷியன் எடுத்திருந்த சபதம் இது. காரணம் இல்லாமல் இல்லை. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது மாமியாருக்குத் தெரிந்தது, சகலைக்குத் தெரிந்தது, பால்காரருக்குக்கூடத் தெரிந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் மாடிப்படியில் கையைப் பிடித்துக் குலுக்கி, "அப்பாவாகப் போறீங்களாமே!" என்ற பிறகுதான் இவருக்குத் தெரிந்தது.

மகள் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள். இவருடைய கோபம் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அன்றிலிருந்து இவர் வீட்டுத் துணி எதையும் தையல்காரரிடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. காலர் கிழிந்தால் கிழிந்த காலரோடு வேலைக்குப் போவார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மனைவி, "நாள் தள்ளிப்போயிருக்குங்க" என்றாள். எலக்ட்ரீஷியன் ஒரு காலில் மட்டும் செருப்போடு மருந்துக்கடைக்கு ஓடி, டெஸ்ட் கிட்டோடு திரும்பினார்.

தன் பங்கைச் சின்னக் கிண்ணத்தில் பிடித்து அவரிடம் கொடுத்தாள் மனைவி.

"சொட்டு விடறதும் நீங்க, பார்க்கறதும் நீங்க. நான் அந்தப் பக்கமே வரலை. போதுமா?"

அவள் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவ உட்கார்ந்தாள். இவர் கிட்டை வாஷிங் மெஷின்மேல் வைத்து, கண் கொட்டாமல் நின்றார்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

"எத்தனை கோடு?"

"ஒண்ணு. நல்லா அழுத்தமா!"

"எந்த எழுத்துக்கிட்ட?"

"சி."

"அது கிட் வேலை செய்யுதுன்னு காட்டற கோடுங்க. உங்களுக்கு வெச்சுப் பார்த்தாலும் வரும். இன்னொண்ணு டி-க்கிட்ட வரணும்."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவிட்சுப் பெட்டியில் சின்ன விளக்கு எரிந்ததற்கே ஃபேன் சுற்றிவிட்டதாகக் கத்தியிருக்கிறோம்.

"அப்ப இல்லையா?"

"நேரம் இருக்கே. பொறுமையாப் பாருங்க. ஆனா தூங்கிட்டு வந்து பார்த்தா கணக்கில்லை. காஞ்சு போனா சும்மாவே கோடு மாதிரி தெரியும்."

தூங்குவதாவது! மூச்சுக்கூட விடாமல் பார்த்தார். ரப்பரால் அழித்த பென்சில் கோடு மாதிரி, மெல்ல ஒன்று எழுந்தது.

"இருக்கு... மங்கலா இருக்கே. லோ வோல்டேஜா?"

"மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான்."

"பார்க்காமலே எப்படிச் சொல்றே? வந்து பாரேன்!"

"நீங்கதானே முதல்ல பார்க்கணும்னீங்க? பாருங்க. நான் மெதுவா வர்றேன்."

உருளைக்கிழங்கின் தோல் அறுபடாமல் நீளமாகச் சுருண்டு விழுந்தது. அவள் கை கொஞ்சமும் பதறவில்லை. இவருக்கு அதைக் கவனிக்க ஏது நேரம்? சகலைக்குப் போனைப் போட்டார்.

"சகலை, ரெண்டு கோடு! இந்தத் தடவை உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுடுச்சு!"

"அடடே! நிஜமாவா? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அடுத்து மாமியார்.

"அடடே! நிஜமாவா? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

ஒரே வீட்டு ஆட்கள், ஒரே மாதிரிதான் வாயைப் பிளப்பார்கள் என்று சிரித்துக்கொண்டார். நெஞ்சு நிமிர்ந்தது. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆள். இத்தனை வருஷம் மிதிக்காத கடை வாசலை இன்று மிதித்தே தீருவது என்று கிட்டும் கையுமாகக் கீழே இறங்கினார்.

தையல்காரர் மெஷினில் இருந்தார். எலக்ட்ரீஷியன் வாசலில் நின்று, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார்.

"அடடே! நிஜமாவா?" என்று துள்ளி எழுந்தார் தையல்காரர். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே!"

தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மெஷின் ஊசிக்கு அடியில் எலக்ட்ரீஷியன் மனைவியின் சட்டை. இடுப்புப் பக்கம் பிரித்து, தாராளமாகத் தளர்த்தித் தைத்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலையை வெளியே நீட்டி, மாடி ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மன்னிச்சுடும்மா! அவர் சொல்றதுக்கு முன்னாடியே ஆச்சரியப்பட்டுட்டேன்."