ஒரே ஒரு கோடு

"இது என்ன கோடு? இது என்ன? கண்றாவியா இருக்கே!" என்று, புரதம் எவ்வளவு சுத்தம் என்று காட்டும் ஜெல் படத்தை மேசையில் வீசினார் ஆய்வுக்கூடத் தலைவர்.

வடிகட்டி படத்தை எடுத்துப் பார்த்தான். புரதத்தை வடித்து வடித்தே ஆய்வுக்கூடத்தில் அந்தப் பேர் வாங்கியவன் அவன். படத்தில் அவனுடைய புரதம் ஒரு தடித்த கோடாக இருந்தது. கூடவே ஓசிச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நாலு மெல்லிய கசடுக் கோடுகள். எண்பத்தைந்து சதவீதம் சுத்தம், கையில் பத்து மில்லிகிராம்.

"வெள்ளிக்கிழமை அடுத்த கட்டடத்துல இருந்து வாங்க வராங்க. ஒழுங்கா குடு. அப்புறம்தான் உன் வேலை நீட்டிப்புல கையெழுத்து."

எதற்கு வாங்குகிறார்கள் என்று அவரிடம் கேட்கிற தைரியம் யாருக்கு இருக்கிறது? பக்கத்து மேசைக்காரியிடம் கேட்டான்.

"படிகம் வளர்க்கத்தான் இருக்கும். தொண்ணூத்தொன்பது சுத்தம் இல்லன்னா வளராதுப்பா," என்றாள் அவள், நேரில் பார்த்தவள் போல.

போச்சுடா!

செவ்வாயன்று, கசடைப் பிரித்தெடுக்கும் பிசின் குழாயில் புரதத்தை மறுபடி இறக்கினான். தொண்ணூற்றிரண்டு. ஆனால் பாதிப் புரதம் குழாயோடு போய்விட்டது. புதன்கிழமை வேறு பிசின். தொண்ணூற்றாறு. மிஞ்சியது இரண்டே மில்லிகிராம். கரைசல் நீர்த்துப்போனதே என்று சுண்டவைத்தால், வடிதாளில் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

மனைவி போன் செய்தாள். "என்னங்க, கையெழுத்தாச்சா?"

"சுத்தமாயிட்டே வருது."

"நல்லதுதானே?"

"சரக்குதான் காணாமப் போயிட்டே வருது."

"வீட்டுக்காரர் வந்து நிக்கிறாரு. இருக்கப் போறீங்களா, காலி பண்றீங்களான்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

அவன் போனை வைத்தான். குளிர் அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதான். மூக்கு ஒழுகியது. குழாயில் விழுந்தால் அதுவும் புரதக் கணக்கில் சேர்ந்துவிடுமே என்று அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான்.

வியாழனன்று கடைசி முறை. தொண்ணூற்றொன்பது! குட்டிப் புட்டியின் அடியில் ஒரு சொட்டு.

வெள்ளிக்கிழமை காலை அடுத்த கட்டடத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு ஒரு பெரியவர் வந்தார். தலைவர் ஜெல் படத்தை நீட்டி, "ஒரே கோடு பாத்தீங்களா!" என்று பூரித்தார். பேனாவையும் எடுத்தார். வடிகட்டிக்கு வாரத்தில் முதல்முறையாக மூச்சு வந்தது.

பெரியவர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார், குலுக்கினார், மேசை மேல் வேறு புட்டி இருக்கிறதா என்றும் எட்டிப்பார்த்தார்.

"மிச்சம் எங்க சார்? எதிர்ப்பொருள் எடுக்க ஆறு முயலுக்கு இதை ஊசி போடணும். எண்பது சுத்தம் தாராளம், அளவு மட்டும் பத்து மில்லிகிராமுக்குக் குறையக் கூடாதுன்னு அன்னிக்கே உங்க கையில எழுதிக் குடுத்தோமே!"