மாதாவைத் தப்பான வீட்டில் இறக்கிய ஆமென் அண்ணன்

கீரனூரில் எங்கள் கோயிலுக்கு வருகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆமென் அண்ணன் தன் வாழ்நாளில் ஒரு காரியத்தைக்கூடச் சரியான இடத்தில் செய்ததில்லை என்று அடித்துச் சொல்வார்கள். எனக்கும் ரொம்ப நாள் அதே அபிப்பிராயம்தான். இப்போது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் முழிக்கிறேன்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊர் ஜனத்தையெல்லாம் அவரவர் ஸ்டாப்பில் பத்திரமாக இறக்கிவிட்ட மனிதர், ஜெபத்தில் மட்டும் ஸ்டாப் வருவதற்கு முன்பே விசில் கொடுத்துவிடுவார். யாராவது ஒரு ஜெபத்தைத் தொடங்கிப் பாதி வந்திருப்பார்கள். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினால் போதும், பின்வரிசையிலிருந்து "ஆமென்!" என்று இடி இறங்கும். அதற்குமேல் ஜெபத்தைத் தொடர்வதா, உட்கார்வதா என்று தெரியாமல் சொன்னவரும் நிற்பார், நாங்களும் நிற்போம்.

ஒரு கல்யாணத்தில் சாமியார் மணப்பெண்ணைப் பார்த்து, "இவரைக் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று கேட்டார். அந்தப் பெண் வெட்கப்பட்டு வாயைத் திறப்பதற்குள் ஆமென் அண்ணன் சம்மதம் கொடுத்துவிட்டார். வீடியோவில் இன்றைக்கும் அந்தக் குரல்தான் இருக்கிறது. இன்னொரு ஞாயிறு, "அடுத்த வாரம் இரண்டாம் பூசை கிடையாது" என்று அறிவிப்பு வந்ததற்கு அவர் சொன்ன ஆமென்தான் அவர் வாழ்க்கையிலேயே உரக்கச் சொன்னது. சாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

எங்கள் பங்கை, அதாவது கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை, முப்பது, நாற்பது வீடுகள் கொண்ட பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஓர் அன்பியம் என்று சொல்வார்கள். வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடிப் பைபிள் வாசித்து, ஜெபம் சொல்லி, சுண்டல் சாப்பிட்டுக் கலைவது வழக்கம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்த அன்பியத்துக்காரர்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். நாங்கள் அந்தோணியார் அன்பியம். வாய்க்காலுக்கு அங்கிட்டு சூசையப்பர் அன்பியம். திருச்சி ஆபீசிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்குகிற என்னை, என் மனைவி செலின் கையைப் பிடித்து அன்பியத்துக்கு இழுத்துப் போனாள். நான் சுண்டலுக்காகப் போனேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும்.

நான் போன முதல் வாரமே, படுத்த படுக்கையாகக் கிடந்த சவரிமுத்து வீட்டில் ஜெபம். வழிகாட்டி ஆமென் அண்ணன். விறுவிறுவென்று முன்னால் நடந்து ஒரு வீட்டுக்குள் நுழைந்தார். நாங்களும் நுழைந்து வட்டமாக உட்கார்ந்தோம். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கொஞ்சம் திகைத்தாலும் மரியாதையாகக் காபி போட்டார்கள். "படுக்கையில் இருக்கும் இந்த வீட்டுத் தலைவருக்காக மன்றாடுவோம்" என்று செலின் தொடங்கியதும், காபித் தட்டோடு நின்ற வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார்.

"எனக்கு என்னங்க? நல்லாத்தானே இருக்கேன்! டாக்டரு ஏதும் சொன்னாருங்களா?"

"ஆமென்!" என்றார் அண்ணன்.

அது மளிகைக்கடை முத்துச்சாமி வீடு. வாரந்தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். சவரிமுத்து வீடு அடுத்த தெரு. நாங்கள் மன்னிப்புக் கேட்டு எழுந்து வந்தோம். ஆனால் பயந்துபோன முத்துச்சாமி மறுநாளே ரத்தம் கொடுத்துப் பார்த்ததில், சுகர் தாறுமாறாக ஏறியிருந்தது. "நீங்க வந்ததாலதான் தப்பிச்சேன், வருஷா வருஷம் வந்துட்டுப் போங்க" என்று அவரே வந்து அழைத்தார். இன்றுவரை போய்வருகிறோம். இதை ஆமென் அண்ணனின் தப்பு என்று எழுதுவதா, வேறு என்னவென்று எழுதுவதா என்பதில் எனக்கு அப்போதே குழப்பம் தொடங்கிவிட்டது.

இனி ஸ்டெல்லா டீச்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாய்க்காலை ஒட்டிய பச்சை கேட் வீடு அவருடையது. அவர் கணவர் இறந்தபோது அடக்கப் பூசை ஒழுங்காக நடந்தது. அதன்பிறகு துக்க வீட்டில் ஒவ்வொரு சாயங்காலமும் அன்பியத்துக்காரர்கள் கூடி ஜெபமாலை சொல்லி, கையோடு கொண்டுபோன சாப்பாட்டைக் கொடுத்து, அந்த வீட்டைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்வது முறை. டீச்சர் வீடு சூசையப்பர் அன்பியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அது அந்தோணியார் அன்பியம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆமென் அண்ணன் அந்தச் சமயம் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தார். டீச்சர் சாயங்காலம் ஆனதும் கூடத்தில் பாய்களை விரித்துவைத்துக் காத்திருப்பாராம். ஒருவரும் போகவில்லை.

அத்தோடு டீச்சர் எங்களை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் திருச்சிக்குப் பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டுக்கு எங்கள் கோயில் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, கோயில் பக்கம் திரும்பாமல் போவார். போய் மன்னிப்புக் கேட்கலாமென்றால், அதை எந்த அன்பியம் கேட்பது என்பதில் மறுபடியும் பேச்சு வார்த்தை. வருஷங்கள் ஓடிவிட்டன.

போன வருஷத்துக்கு முந்தின அக்டோபர். ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சொரூபம், அதாவது மாதாவின் சிலை, வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஓர் இரவும் பகலும் இருந்து, சாயங்கால ஜெபம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் பாட்டோடு பவனியாகக் கொண்டுபோவோம். அன்றைக்கு எங்கள் அன்பியத்து அருளப்பன் வீட்டு முறை, அடைமழை. பவனி வேண்டாம் என்று முடிவாயிற்று.

"நீங்கள்லாம் நனையாதீங்க. நான் வண்டியில வச்சு அருளப்பன் வீட்ல எறக்கிட்டுப் போறேன்" என்றார் ஆமென் அண்ணன். மாதாவை ரெயின்கோட்டில் சுற்றி டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்னால் நிறுத்திக் கிளம்பினார். அவர் நனைந்துகொண்டுதான் போனார்.

மறுநாள் சாயங்காலமும் தூறல். எல்லோரும் அருளப்பன் வீட்டில் கூடினோம். பூ, மெழுகுவத்தி, சுண்டல் எல்லாம் தயார். மாதா மட்டும் இல்லை.

"மழைக்காக நேத்துக் கொண்டு வரலன்னு நினைச்சோம்" என்றார் அருளப்பன். "இப்ப கையோட கொண்டு வருவீங்கன்னுல்ல இருந்தேன்!"

ஆளாளுக்குப் போன் போட்டார்கள். அண்ணனின் போன் மழையில் நனைந்து அரிசி டப்பாவுக்குள் கிடந்ததாம். கடைசியில் ஆளே தலையைத் துவட்டியபடி வந்து சேர்ந்தார்.

"அண்ணே, மாதா எங்க?"

"நேத்தே எறக்கிட்டேனே. பச்சை கேட்டு வீடு."

"என் வீட்டுக் கேட்டு நீலம்ணே!"

"மழையில பச்சையாத்தான் தெரிஞ்சுச்சு."

"கதவத் தொறந்தது யாரு? அதுவாச்சும் தெரிஞ்சுச்சா?"

"ஒரு அம்மா தொறந்தாங்க. நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் வருவாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

 பச்சை கேட் யாருடையது என்பது சுண்டல் தட்டோடு இருந்த எனக்குக்கூடப் புரிந்துவிட்டது. எல்லோரும் வருவார்கள் என்று அந்த அம்மாவிடம் ஒருவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இந்தத் தடவையும் யாரும் போகாவிட்டால், அதற்கு மேல் அவர் முகத்தில் விழிக்கவே முடியாது.

இவ்வளவு தெரிந்தும் நாங்கள் என்ன செய்தோம்? உட்கார்ந்து விவாதித்தோம். இரண்டு பேர் போய்ச் சொரூபத்தை மட்டும் வாங்கி வரலாம் என்றார் ஒருவர். யார் அந்த இரண்டு பேர் என்றதும் ஆளாளுக்குப் பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார்கள். "முறைப்படி அது அவங்க எல்லை, அவங்கல்ல போகணும்" என்று அருளப்பன் சூசையப்பர் அன்பியத்துக்குப் போன் போட்டு, "ஒங்க எல்லையில மாதா வந்திருக்காங்க" என்று தகவல் சொன்னார். பழைய தப்பை அப்படியே அச்சுக் குலையாமல் திரும்பச் செய்துகொண்டிருந்தோம்.

ஆமென் அண்ணன் ஒன்றும் புரியாதவர்போல எங்களை மாறி மாறிப் பார்த்தார். "மாதா அங்கிட்டு இருக்காங்க. நம்ம இங்கிட்டு ஒக்காந்து யாருகிட்ட ஜெபம் சொல்லப் போறோம்?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். முதலில் எழுந்தவள் செலின். வழக்கம்போல அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் எல்லோரும் எழுந்தார்கள்.

பச்சை கேட்டை நெருங்கும்போது, தெருவின் அந்தக் கோடியிலிருந்து டார்ச்சும் குடையுமாக ஒரு கூட்டம் வந்தது. அருளப்பனின் போனுக்கு மரியாதை கொடுத்துச் சூசையப்பர் அன்பியம் கிளம்பி வந்திருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசியபடி, கேட்டை யார் திறப்பது என்று இரண்டு அன்பியமும் நின்றோம். அண்ணன் திறந்தார்.

வாசல் லைட் எரிந்தது. உள்ளே ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மாதாவுக்குச் செம்பருத்திப் பூ வைத்திருந்தது. கூடம் முழுவதும் பாய்கள். நடுவில் டீச்சர் ஒரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அவர் கண் கூட்டத்தின் கடைசிவரை போய்த் திரும்பியது.

"இம்புட்டுப் பேருக்குப் பாய் பத்தாதே" என்றார்.

நாங்கள் வாசலிலேயே நெருக்கியடித்து நின்றோம். அவர் நாற்பது பிள்ளைகளை அடக்கி வைத்திருந்த டீச்சர், சும்மா விடுவாரா?

"செருப்பை வரிசையா விடுங்க மொதல்ல. அன்னைக்கு இதே பாயை விரிச்சு வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு ஆளு எட்டிப் பாக்கல. எந்த அன்பியம்னு தெரியலையாம்! மனுசன் செத்தா அதுக்கும் எல்லைக்கல்லு நட்டு..."

மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

"ஆமென்!" என்றார் ஆமென் அண்ணன்.

நான் செலினின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். டீச்சர் திரும்பி அவரைப் பார்த்தார்.  பிறகு உதடு கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். செலின் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு அன்பியமும் இருந்த பாய்களில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். ஜெபத்தில் அதுவரை எனக்கு மனம் நின்றதே கிடையாது. அன்றைக்கு நின்றது. சுண்டல் அருளப்பன் வீட்டிலேயே ஊசிப்போனது எனக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

டீச்சர் இப்போது எங்கள் கோயிலுக்குத்தான் வருகிறார். எந்த வீட்டில் துக்கம் என்றாலும் இரண்டு அன்பியமும் போகவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சனிக்கிழமைகளில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்குக் கஞ்சி கொண்டுபோகிறார். அந்தக் கஞ்சித் தூக்கைச் சுமப்பவன் நான். சுண்டலுக்கு வந்தவன் கஞ்சித் தூக்கு சுமக்கிற கதை எப்படி நடந்தது என்று எனக்கே சரியாக விளங்கவில்லை.

ஆமென் அண்ணன் ஒரேயடியாகத் திருப்பூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போதெல்லாம் எங்கள் ஜெபங்கள் சரியான இடத்தில் முடிகின்றன. மூச்சு வாங்குகிற இடம் வரும்போது எல்லோரும் பின்வரிசையை ஒருதரம் திரும்பிப் பார்க்கிறோம்.

சென்ற வாரம் மனசு கேட்காமல் போன் செய்தேன்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு வேணும்னேதானே டீச்சர் வீட்ல எறக்குனீங்க?"

"எந்த டீச்சரு தம்பி?"

"ஸ்டெல்லா டீச்சர்ணே, பச்சை கேட்டு!"

"அருளப்பன் வீட்லல்ல எறக்குனேன்? அந்தம்மா அவரு சம்சாரம் இல்லையா?"

நடிக்கிறாரா, நிஜமாகவே குழம்பியிருக்கிறாரா, கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. விட்டுவிட்டேன்.

"சரிண்ணே, விடுங்க. ஆனா நீங்க இல்லாம இங்க எங்களுக்கு..." என்று தொடங்கி, மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினேன்.

"ஆமென்!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நல்லவேளை. அந்த வாக்கியத்தை அழாமல் முடித்திருக்க என்னால் முடியாது.