பாசஞ்சருக்கு வாரத்தில் மூன்று அமாவாசை

அரியலூரில் நான் பார்த்த முட்டாள்களில் முதல் இடம் பாசஞ்சருக்குத்தான். இரண்டாம் இடத்துக்கு ஆள் தேட வேண்டும். மற்றவர்கள் எல்லாம் அவ்வளவு பின்னால் இருக்கிறார்கள். எனக்கு நயமாகப் பேச வராது. அவனை நினைத்தால் இன்றைக்கும் கோபம்தான் முதலில் வருகிறது. அந்தக் கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு வீடு, வீட்டு மாடியில் ஒரு அறை. அதில் மூன்று பேர் இருந்தோம். நான் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். இன்னொருவர் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கும் கம்பவுண்டர். வயதில் மூத்தவர். தலைவலிக்கும் வெந்நீர், கால்வலிக்கும் வெந்நீர், கடன்காரன் வந்தாலும் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுப்பவர். மூன்றாவது ஆள் இவன். ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் சப்ளையர். அரும்பாவூருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அவனுக்குப் போலீஸ் வேலைக்குப் போக வேண்டும். ஆள் எடுப்பில் ஓட்டம் உண்டு. கூட ஓட ஆள் கிடைக்காததால் ரயிலோடு ஓடினான். காலையில் பாசஞ்சர் வண்டி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது, தண்டவாளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் இவனும் கிளம்புவான். வண்டி வேகம் பிடிக்கும்வரை இவன்தான் முன்னால். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள், பாவம் வண்டியைத் தவறவிட்டவன் என்று கையை நீட்டுவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் மனம் தாங்காமல் சங்கிலியையே இழுத்துவிட்டார். வண்டி நின்றது. கார்டு இறங்கி வந்து, "ஏறித் தொலைய்யா" என்றார்.

"நான் ஏற வரலைங்க. ஓட வந்தேன். நீங்க போங்க" என்றான் இவன்.

அன்றிலிருந்து அவன் பாசஞ்சர்.

அந்தக் காலத்தில் காரணம் இல்லாமல் ஒருவன் தெருவில் ஓடுவது என்பது எங்கள் ஊருக்குத் தெரியாத விஷயம். ஓடினால் ஒன்று நாய் துரத்த வேண்டும், இல்லையென்றால் எங்காவது தீப்பிடித்திருக்க வேண்டும். பாசஞ்சர் கடைத்தெருவில் ஓடியபோது நாலு பேர் குடத்தோடு பின்னால் ஓடியிருக்கிறார்கள். இன்னொரு நாள் திருடன் என்று பிடித்து போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்கள். போலீஸில் சேரத்தான் ஓடுகிறேன் என்று இவன் சொன்னதற்கு, சேர்ந்தாச்சு, அந்த மூலையில் உட்கார் என்றாராம் ஏட்டு.

அதெல்லாம் இருக்கட்டும். என் கோபம் வேறு. அவன் நிறுத்தவே மாட்டான். விடிந்தால் ஓட்டம், ஓட்டல் வேலை முடிந்தால் ஓட்டம். பழகாத கால் அது. நேற்று வலித்த இடத்தை இன்றைக்கும் போட்டு அடித்தால் என்ன ஆகும்? முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வீங்கும். வீங்கியது. வீங்கினால் வலுவேறுகிறது என்று அர்த்தமாம், அவனே சொல்லிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் எதற்கு என்று பெரம்பலூருக்கே ஓடிக் கிளம்பிவிட்டான். வழியில் தாண்டிப்போன பஸ் ஒவ்வொன்றும் நின்று கூப்பிட்டிருக்கிறது. ஒவ்வொன்றையும் கைகாட்டி அனுப்பியிருக்கிறான். போகும்போது கௌரவமாகத்தான் போனான். திரும்பி வந்தது பஸ்ஸின் கூரைமேல், நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவில், மல்லாந்து. மூட்டை இறக்கும் ஆட்கள் இவனையும் மூட்டையோடு சேர்த்து இறக்கினார்கள்.

இப்படியே இரண்டு தடவை ஆள் எடுப்புக்குத் திருச்சிக்குப் போய், மைதானத்தில் நொண்டி, திரும்பி வந்தான். மூன்றாவது தடவைதான் கடைசி. அதற்குமேல் வயது தாண்டிவிடும். அப்புறம் ஆயுசு முழுக்கக் கையில் டம்ளர்தான்.

"அப்படி என்னடா போலீஸ் மேல ஆசை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கப்பாவ ஒரு நாளாவது உக்கார வைக்கணும்ணே" என்றான். நான் அதற்குமேல் தோண்டவில்லை.

கம்பவுண்டர் அவன் காலைப் பிடித்து அமுக்கிப் பார்த்துவிட்டு, அந்த ஒரு முறை மட்டும் வெந்நீரைப் பற்றிப் பேசவில்லை. "ஓடுறப்ப கால் தேயுதுடா. சும்மா கெடக்கிறப்பத்தான் தேஞ்சது திரும்ப ஊறுது. ஒரு நாள் ஓடு, ஒரு நாள் கெட. இல்லாட்டி இந்தத் தடவ எலும்பே வுட்டுரும்" என்றார்.

சரி என்று தலையாட்டினான். மறுநாள் ஓய்வு. அன்று, மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு விறகு பிளந்தான். தெருவுக்கே தண்ணீர் இறைத்தான். என் சட்டை, கம்பவுண்டர் சட்டை, கொடியில் கிடந்த யாரோ ஒருத்தர் சட்டை எல்லாம் துவைத்தான். அடுத்த ஓய்வு நாளில் அவன் அரைக்கால் டிராயரை ஒளித்து வைத்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். அதற்கடுத்த தடவை உள்ளே தள்ளி வெளியே பூட்டினேன். நின்ற இடத்திலேயே ஓடியிருக்கிறான். கீழே வீட்டுக்காரம்மா குழம்பில் மேல்தளத்துக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது என்று என்னைத்தான் திட்டினார்.

ஆள் எடுப்புக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. அப்போதுதான் அந்த வண்டி வந்தது.

கடை வாசலில் நான் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாசஞ்சர் பக்கத்தில் நின்று காற்றடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கும் அவனுக்கு ஓய்வு நாள்தான். கடலை மூட்டை ஏற்றிய இரட்டை மாட்டு வண்டி ஒன்று மில்லுக்குப் போனது. வலத்து மாடு காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. பம்பை அப்படியே போட்டுவிட்டு நடுரோட்டில் போய் நின்றுகொண்டான்.

"ஏங்க, அமாவாசை அன்னிக்கு மாடு பூட்டலாமா? அதுவும் நொண்டுற மாட்ட?"

எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று ஏரோ வண்டியோ பூட்ட மாட்டார்கள். அது மாட்டுக்கு ஓய்வு நாள். வண்டிக்காரர் மில்லில் அவசரம் என்று ஏதோ முனகினார். இவன் கேட்கவில்லை. நுகத்தடியிலிருந்து அந்த மாட்டை அவிழ்த்தான், மர நிழலில் கட்டினான், காலைத் தடவிக் கொடுத்தான். அதோடு விட்டானா? மாடு நின்ற இடத்தில் போய்த் தன் தோளைக் கொடுத்து வண்டியை இழுக்க ஆரம்பித்தான். வீங்கிய காலோடு. பக்கத்து மாடு அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. எனக்கு இருந்த சந்தேகம் அதற்கும் இருந்திருக்கும்.

நான் சக்கரத்தை வீசிவிட்டுப் போய் அவனை நுகத்தடியிலிருந்து பிடித்து இழுத்தேன்.

"மாடு நொண்டுனா ஒனக்குத் தெரியுது. ஒங்காலு நொண்டுறது தெரியலையாடா? மாட்ட வுடக் கேவலமாடா நீ?"

"ஆமாண்ணே" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னான். "மாட்டுக்கு அமாவாசை உண்டு. எங்க வூட்டுல யாருக்கு இருந்துச்சு?"

அப்புறம் மரத்தடியில் அந்த மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். அவன் அப்பாவுக்கு ஒரு பண்ணையில் வேலை. அமாவாசை வந்தால் பண்ணை மாடுகளைக் குளிப்பாட்டி, தவிடும் புண்ணாக்கும் வைத்துப் படுக்கவிடுவார்களாம். குளிப்பாட்டுவது இவன் அப்பா. மாடு படுத்தபிறகு அவருக்கு விறகு பிளக்கிற வேலை, வேலி கட்டுகிற வேலை. வேலை இல்லாத நேரத்தில் களத்தில் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அன்றைக்குக் கூலி நெல் கிடையாது.

"சும்மா படுத்தா, யாரோ வந்து வையப்போற மாதிரியே இருக்குண்ணே. ஒடம்பு தானா எந்திரிச்சிருது."

அந்தப் பண்ணைக்காரரை நான் பார்த்ததில்லை. அது அவருக்கு நல்லது.

ராத்திரிச் சோற்றுக்கு முன்னாலேயே நானும் கம்பவுண்டரும் முடிவு செய்துவிட்டோம். இந்தப் பயலுக்கு ஓய்வு என்றால் புரியாது. அமாவாசை என்றால் புரியும். காலண்டரில் மாதத்துக்கு ஒன்று, எங்கள் அறையில் வாரத்துக்கு மூன்று. அமாவாசையன்று காலையில் கிணற்றடியில் உட்கார வைத்து வெந்நீர் ஊற்றுவார் கம்பவுண்டர். வாழ்க்கையில் அவர் வெந்நீருக்கு வேலை வந்தது அப்போதுதான். பிறகு கட்டில். ஓட்டலில் சொல்லிவிட்டு வேறு ஆளை வைத்தோம். சாப்பாடு கட்டிலுக்கு வரும். தட்டை நான் வைப்பேன், நான்தான் எடுப்பேன். எழுந்தால் "ஹோ, ஹோ" என்று மாட்டை அமர்த்துவதுபோல அமர்த்துவேன். கொம்புக்குப் பெயின்ட் அடிக்கலாமா என்று கம்பவுண்டர் கேட்டார். வீட்டுக்காரம்மா மாடிப்படியில் தலை நீட்டி, "இன்னிக்கு அமாவாசைங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் விறகுக்கு ஆள் தேடப் போவார்.

முதல் அமாவாசையில் கட்டில் விளிம்பில் பிணையக் கைதிபோல் உட்கார்ந்திருந்தான். தட்டை வைத்தபோது இரண்டு கையையும் நீட்டி எழுந்து நின்று வாங்கினான். உட்காருடா என்று அதட்டினேன். குனிந்துகொண்டு சாப்பிட்டான். சோற்றில் உப்பு கூடியிருக்கும் அன்றைக்கு. நான் பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போகப் போகச் சாய்ந்து உட்கார்ந்தான். கடைசியில் ஒருநாள் பகலில் குறட்டை விட்டான். கம்பவுண்டர் வாசலில் போய் நின்று, படியேறி வந்தவர்களை எல்லாம் சத்தம் போடாதே என்று சத்தம் போட்டு விரட்டினார்.

கால் வீக்கம் வற்றியது.

திருச்சிக்கு நானும் போனேன். முந்தின இரண்டு நாளும் முழு அமாவாசை. மைதானத்தில் விசில் ஊதியதும் நூறு மடையர்கள் பாய்ந்தார்கள். இவன் பாயவில்லை. காலை எடுத்து வைத்தான், வைத்தான், வைத்துக்கொண்டே இருந்தான். முதலாவதாக வரவில்லை. நடுவில் எங்கோ வந்தான். போதும். கோட்டைத் தாண்டியதும் அவன் பார்த்தது அதிகாரியை இல்லை, வேலிக்கு வெளியே நின்ற என்னை. "நொண்டலண்ணே" என்றான்.

பயிற்சி முடிந்து முதல் லீவில் ஊருக்குப் போகும்போது என்னையும் கூட்டிப் போனான். அரும்பாவூரில் இறங்கி நடந்தோம். களத்து மேட்டில் அவன் அப்பா வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். தூரத்தில் காக்கி தெரிந்ததும் சட்டென்று எழுந்தார். தோள் துண்டு இடுப்புக்குப் போனது. மகன் என்று முகம் தெரிந்த பிறகும் நின்றபடியேதான் இருந்தார். உடம்பு உட்காரவில்லை.

பாசஞ்சர் தொப்பியைக் கழற்றினான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து, பண்ணைவீட்டுக்கு நேர் எதிரே, களத்தின் நடுவில் போட்டான்.

"உக்காருப்பா" என்றான். "இன்னிக்கு அமாவாசை."

அன்றைக்கு அமாவாசை இல்லை. பண்ணைவீட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார்.

இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. அமாவாசையன்று திறப்பதில்லை. பக்தியா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு முட்டாள் பயல் எங்கோ காலை நீட்டிப் படுத்திருப்பான் என்று நானும் கட்டிலில் கொஞ்சம் சாய்கிறேன்.