என் மேல் எனக்கே வந்த புகார்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஒத்துழைக்கவில்லை. அக்காவின் முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம், உடனே போன் போட்டு அழுவாள்.

இருபத்திரண்டு வருடமாக எங்கள் அலுவலகத்து விண்டோஸ் சர்வர்களைக் கட்டி மேய்த்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். இப்போது நிர்வாகம் எல்லாவற்றையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டது. மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டு பொறுப்பை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டோர் ரூமில் பழைய பிரிண்டர்களுக்குக் காவல் இருக்க வேண்டும் என்று மேலாளர் சிரித்த முகத்தோடு சொன்னார். சொல்லிக்கொடுக்க ஓர் அம்மா வந்தார். என்னைவிட ஏழு வயது சின்னவர், ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன். விண்டோஸ் ஒரு வாயாடி, அத்தான். எதைச் செய்தாலும் நிச்சயமாகத்தானா என்று கேட்கும், முடிந்ததும் வெற்றிகரமாக முடிந்தது என்று ஒரு பெட்டியைக் காட்டும். இத்தனை வருடம் அந்தப் பாராட்டில்தான் என் வயிறு நிறைந்திருக்கிறது. லினக்ஸோ கட்டளையை வாங்கிக்கொண்டு பேசாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். நடந்ததா என்று தெரியாமல் நான் அதையே மூன்று தடவை அடிப்பேன். "எதுவும் சொல்லலன்னா நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம் சார்" என்றார் டீச்சர். வீட்டில் என் மனைவி பேசாமல் இருந்தால் அதற்கு அர்த்தமே வேறு.

போன செவ்வாய்க்கிழமை விற்பனைப் பிரிவின் கோப்புகளைத் திறக்க, அதற்கு அனுமதி உள்ளவர்களின் குழுவில் என் பெயரைச் சேர்த்தேன். விண்டோஸில் புதுக் குழுவில் சேர்ந்தால் பழைய குழுவிலிருந்து யாரும் நம்மை விரட்டுவதில்லை. இங்கே கூடுதலாகத்தான் சேர்கிறேன் என்பதற்கு ஒரு குட்டி எழுத்துப் போட வேண்டுமாம், நான் போடவில்லை. சர்வரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆஹா, பாடம் பிடிபட்டுவிட்டது என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை ஒரு கட்டளை கொடுத்தால், உனக்கு அதிகாரம் இல்லை, இந்தச் சம்பவம் நிர்வாகிக்குப் புகார் செய்யப்படும் என்கிறது. நிர்வாகியே நான்தான், அத்தான். அந்தக் குட்டி எழுத்தைப் போடாததால், நிர்வாகிகள் குழுவிலிருந்து என்னை நானே நீக்கியிருக்கிறேன். என் மேல் எனக்கே புகார் போகிறது, அதைத் திறந்து படிக்கும் அதிகாரமும் எனக்கு இல்லை. நம்ப முடியாமல் பதினோரு தடவை முயன்றேன், பதினோரு புகார்.

டீச்சர் விடுப்பில் இருந்தார், வேறு யாரிடமும் சொல்ல வெட்கம். ஒரு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வர் அறைக்குள் போய், ஏசிக் குளிரில் பல் கிட்டிக்க, குறிப்பேட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, சர்வரை நிறுத்தி மீட்பு முறையில் எழுப்பி, என் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். அந்த ஒன்றரை மணி நேரம் அலுவலகத்தில் ஒருவருக்கும் கோப்பு திறக்கவில்லை, எல்லோரும் என்னைத் தேடியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். ஐம்பது வயதில் ஒன்று தெரியாமல் இருப்பது பெரிய கஷ்டமில்லை, அத்தான். நேற்றுவரை எல்லாம் தெரிந்தவனாக இருந்துவிட்டு இன்று தெரியாமல் நிற்பதுதான் தாங்கவில்லை.

ஆகவே ராஜினாமா எழுதிவிட்டேன், வெள்ளிக்கிழமை கொடுக்கிறேன். தங்கள் எழுதுபொருள் கடையில் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டுக்கொடுத்தால் போதும். பென்சில் விற்றுப் பிழைத்துக்கொள்வேன்.

அக்காவுக்கு என் அன்பு, தங்களுக்கு என் பணிவான வணக்கம். மழைக்காலம், வெந்நீர் குடிக்கவும்.

இப்படிக்கு,
வேறு போக்கிடம் இல்லாத மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அந்தப் பதினோரு புகாரும் டீச்சருக்கும் போயிருக்கின்றன. விடுப்பு முடிந்து வந்தவர், என் கையிலிருந்த ராஜினாமாவை வாங்கிப் படித்துவிட்டு, "தன்னைத்தானே வெளிய பூட்டிக்கிட்டவங்க எல்லாரும் எனக்குத்தான் சார் போன் போடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் நீங்களே உள்ள வந்திருக்கீங்க" என்று சொல்லி, அதைக் கிழித்துப்போட்டுவிட்டு நேரே மேலாளரிடம் போனார். திங்கட்கிழமை முதல் சர்வர் பொறுப்பு என்னுடையது. ஆகவே ஸ்டூல் வேண்டாம். தங்கள் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து லினக்ஸுக்கு மாற்றித் தருகிறேன். அந்த வாரம் முழுக்கக் கடை திறக்காது என்று வாடிக்கையாளர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கவும்.