ரங்கையா கடை டானிக்

“உடனே நிறுத்தவும்” என்று தெலுங்குப் பேப்பரில் எழுத்துக்கூட்டிப் படித்ததுமே தியோடர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

சித்தூர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அவர். உடம்பு தேற வேண்டும் என்று இரண்டு வாரமாகக் காலையும் மாலையும் தவறாமல் குடித்துவரும் ‘ஜீவபுஷ்டி’ டானிக்கைப் பற்றித்தான் அரசாங்க எச்சரிக்கை வந்திருந்தது. எண்பத்தொன்றாம் நம்பர் சரக்கில் கலப்படமாம். குடித்தவர்களுக்குக் கை நடுங்கும், கண் மங்கும், நெஞ்சு படபடக்கும் என்று போட்டிருந்தான். படித்து முடிப்பதற்குள் மூன்றும் அவருக்கு வந்துவிட்டன.

வீட்டுக்கு ஓடி அலமாரியைத் திறந்தார். சீசாவில் பேருமில்லை, நம்பருமில்லை. மருந்துக் கடை ரங்கையா பெரிய ஜாடியிலிருந்து வெறும் பழுப்புச் சீசாவில் ஊற்றித் தந்த டானிக் அது. அவரிடமே கேட்டுவிடலாம் என்று கடைக்கு ஓடினார்.

ரங்கையா ஜாடியைத் திருப்பிப் பார்த்தார்.

“எண்பத்தொண்ணேதான் சார்.”

“வேற யாருக்குக் குடுத்த?”

“உங்க ஒருத்தருக்குத்தான். தேவுடா! எவ்ளோ குடிச்சீங்க?”

“தினம் நாலு ஸ்பூன்.”

ரங்கையா உள்ளே போய் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, “உக்காருங்க சார்” என்றார். பத்து வருஷமாக அந்தக் கடை வாசலில் நின்று நின்று காலே தேய்ந்துபோன தியோடருக்கு, அந்த மரியாதையைப் பார்த்ததும் தன் கதை முடிந்துவிட்டது என்றே தோன்றியது.

“கேவுரு கூழு குடிச்சா ஒடம்பு தானா தேறும்னு தலப்பாடா அடிச்சுக்கினேனே!” என்று அழுதாள், சபைக்கு நற்கருணைத் திராட்சரசம் காய்ச்சித் தரும் மனைவி கிரேஸ்.

ஹைதராபாத்தில் இருக்கும் மருந்து அதிகாரிகளுக்கே தந்தி அடித்தார் தியோடர். ‘குடித்துவிட்டேன். பிழைப்பேனா?’ மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. ‘சீசாவைப் பத்திரமாக வைக்கவும். இன்ஸ்பெக்டர் வருவார்.’

“சீசாவப் பத்திரமா வைக்கச் சொல்றான். என்னப் பத்தி ஒரு வார்த்த இல்லியே, கிரேஸு!”

கடைசியில் பாதிரியார் இன்பசேகரன் ஐயரிடம் போனார். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஐயருக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார்.

“ஒரு லெட்டர் போட்டுக் கேளுங்க ஐயரே. ஆனா விஷயம் வெளிய போவக்கூடாது.”

“நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்” என்றார் ஐயர்.

அன்று புதன்கிழமை. சாயங்கால ஜெபக்கூட்டத்தில் ஐயர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். பேரைச் சொல்லவே இல்லை. “தாலுகா ஆபீசில் வேலை செய்கிற, மூக்குக்கண்ணாடி போட்ட, கல்யாண வயதில் ஜெயகுமாரி என்று ஒரு மகள் இருக்கிற சகோதரருக்காக ஜெபிப்போம்” என்றார்.

கூட்டம் முடிந்த கையோடு சபை மொத்தமும் தியோடர் வீட்டில் நின்றது. ஆளுக்கு இரண்டு சாத்துக்குடி கொண்டுவந்திருந்தார்கள். பாட்டுக்குழுவில் முன்னால் நின்று பாடும் மேரியம்மா கட்டிலருகே குனிந்து அன்போடு கேட்டாள்:

“அண்ணே, ஒங்களுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு எது? இப்பவே சொல்லிட்டீங்கன்னா, நாங்க பழகி வச்சுக்குவோம்.”

தியோடருக்கு மகளை மணக்கோலத்தில் பார்க்காமலே போய்ச் சேரப்போகிறோமே என்று நினைத்ததும் துக்கம் பொங்கிவந்தது. சபைக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதைப் பார்த்து ஜெயகுமாரி அழ, கிரேஸ் அழ, ஐயரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பாழாப்போன சீசா எங்க?” என்று கேட்டார் ஐயர்.

கோயில் மணி அடிக்கிற சத்தியநாதன் அலமாரியிலிருந்து அதை எடுத்தான். தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தான். மறுபடியும் மோந்தான். பிறகு ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டான்.

“துப்புடா! துப்பு!” என்று வீடே அலறியது.

சத்தியநாதன் துப்பவில்லை. முகம் வெளுத்து ஐயர் பக்கம் திரும்பினான்.

“ஐயரே, இது நற்கருணைக்குன்னு கிரேஸம்மா காய்ச்சி வச்ச திராட்சரசமாச்சே! அப்போ, போன நற்கருணைக்கு இதே அலமாரியிலேருந்து இதே மாதிரி சீசாவ நான் எடுத்துக்கினு வந்து நம்ம எல்லாருக்கும் ஊத்தினது இன்னாது?”