என் திரையில் நேராகத்தான் இருந்தது

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் தங்கையும் நலமாகத்தான் இருக்கிறாள் என்று எதிர் வீட்டுப் பல் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவள் என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சமையலறைச் சுவரைப் பார்த்து, "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று பொதுவாக ஒரு அறிவிப்பு வருகிறது. அவளைத் தவிர வீட்டில் சாப்பிடுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்கென்றே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

இதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். நேற்று அவள் உங்கள் வீட்டம்மாவோடு தொலைபேசியில் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி தேடிக்கொண்டிருந்தேன். "வெள்ளிக்கிழமை காலை வண்டி, அண்ணி. மாடி ரூம கொஞ்சம் ஒழிச்சு வைங்க. எத்தனை நாளைக்குன்னு இப்ப சொல்ல முடியாது" என்றாள். முப்பத்தோரு வருடத்தில் அவள் கோபித்துக்கொண்டு பிறந்தகம் போனதில்லை. ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, நடந்தது அத்தனைக்கும் காரணம் அந்தக் கணினிதான், உன் வீட்டுக்காரர் இல்லை என்று அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். கணினி நீங்கள் கொடுத்தது என்பதால் நீங்கள் சொன்னால் எடுபடும். நீங்கள் யோசித்து முடிவெடுக்க வசதியாக நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு, மொட்டைமாடியில் நாலு கொடி, எல்லாருக்கும் ஒரே வெயில். துணி காயப்போடுவதில் தினமும் அடிதடிக்குக் குறைவாக எல்லாம் நடந்துகொண்டிருந்தது. போன மாதக் கூட்டத்தில், எந்தக் கிழமை எந்தக் கொடி யாருக்கு என்று யாராவது ஒரு அட்டவணை போட்டுத் தாருங்களேன் என்றார்கள். எடை, அளவு இலாகாவில் முப்பது வருடம் மற்றவர்களுடைய தராசையும் படியையும் சரிபார்த்தே ஓய்வு பெற்றவன் நான். எதிர் வீட்டுச் சுவரில் காலண்டர் அரை அங்குலம் சாய்ந்திருந்தால் எனக்கு இங்கே சோறு இறங்காது. நான் கையைத் தூக்காமல் வேறு யார் தூக்குவது? கட்டம் போடுகிற பெரிய மென்பொருள் எதுவும் இந்தப் பழைய கணினியில் ஏறாது, வெறும் எழுத்து அடிக்கிற எடிட்டர் ஒன்றுதான் ஓடும் என்று கொடுக்கும்போதே சொன்னீர்கள். நினைவிருக்கும். அது போதும் என்று ஆரம்பித்தேன்.

முதல் நாள் இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டியே போட்டேன். ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோலைத் திரையின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, "வக்கீல்" கோட்டுக்கு வந்துவிட்டாரா, "தையல்காரர்" இன்னும் இரண்டு தட்டு தள்ளவேண்டுமா என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். உங்கள் தங்கை காபியோடு வந்து நின்று, "டிவிக்கு உறை தைக்கவா அளக்கறீங்க?" என்று கேட்டாள். அப்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள். மேலே நாலு வரி ஒழுங்காக நிற்கும். கீழே போகப்போக அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். ஒரு தட்டு கூட்டினால் கோட்டைத் தாண்டுகிறது, ஒன்றைக் குறைத்தால் கோட்டுக்கு வரவில்லை. மறுநாள், ஒரே தாவாகத் தாவுகிற அந்த டேப் பொத்தானைக் கண்டுபிடித்தேன். அது என்ன கணக்கில் தாவுகிறது என்று அதற்கே தெரியாது. "பல் டாக்டர்" அளவான பெயர், ஒரே தாவில் தன் இடத்துக்குப் போய்விட்டார். "மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்" நீளமான பெயர், அடுத்த கட்டத்துக்குள் பாதி உடம்பு போய்விட்டது. அவரை வெளியே இழுத்தால் பின்னால் நின்ற இசை வகுப்பு அம்மாள் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்பால் போய் விழுந்தார்.

மூன்றாம் நாள் வெட்கத்தை விட்டுக் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் போனேன். அவர் ஒரு திருகாணியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டுவிட்டு, "சார், இதுக்குன்னு சம அகல எழுத்துரு இருக்கு. எல்லா எழுத்தும் ஒரே அகலத்துல வரும். குறுக்குக் கோட்டுக்குச் சின்னக் கோடு, நடுவுல நெட்டுக்குத்தா ஒரு கோடு, சந்திக்கிற இடத்துல கூட்டல் குறி. அழகா நிக்கும்" என்றார். ஓடி வந்து போட்டேன். எண்கள் அணிவகுத்து நின்றன. நம்முடைய எழுத்துகள் நிற்கவில்லை. திரும்பிப் போனேன். "ஓ, தமிழ்லயா? அத முதல்லயே சொல்லக்கூடாதா சார்? 'ட' ஒல்லி, 'ணை' குண்டு, அதுக்கு மேல கொம்பு, கால், புள்ளின்னு சாமான் வேற. எந்த எழுத்துருவ போட்டாலும் அதெல்லாம் ஒரே அகலத்துல வராது" என்று திருகாணியைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

எழுத்தை மாற்ற முடியாது என்றால் மனிதரை மாற்றுவது என்று முடிவு செய்தேன். எல்லாரையும் கட்டத்துக்குத் தகுந்தபடி நறுக்கினேன். பல் டாக்டர் "பல்" ஆனார், வக்கீல் "வக்", மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் "கண்", தையல்காரர் "தை", இசை வகுப்பு அம்மாள் "இசை", கடிகாரம் பழுதுபார்ப்பவர் "மணி". மேல் வீட்டில் தனியாக இருக்கும் நெட்டையானவருக்கு என்ன தொழில் என்று யாருக்கும் தெரியாததால் அவரை "உய" என்று போட்டேன், உயரம் என்பதன் பாதி. நம் வீடு "நாம்". மிச்சமிருந்த கோணலை ஒவ்வொரு தட்டாகக் கூட்டிக் குறைத்து நேராக்கினேன். ஒரு மாதிரிக்கு இரண்டு வரி இங்கே தருகிறேன்:

கிழமை | கொடி 1 | கொடி 2 | கொடி 3 | கொடி 4
------+--------+--------+--------+-------
திங்  | பல்    | வக்    | கண்    | தை
செவ்  | நாம்   | உய     | மணி    | இசை

என் திரையில் இது நூல் பிடித்ததுபோல் நேராக இருக்கிறது. உங்களிடம் எந்தக் கோலத்தில் வந்து சேருமோ, அதற்கு நான் பொறுப்பில்லை. உங்கள் தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஏழு நாளையும் வரிவரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இந்தச் சொல் எங்கள் கல்யாணப் புகைப்படத்துக்குக்கூட வந்ததில்லை. அந்த மிதப்பில் எட்டு வீட்டுக் கைப்பேசிக்கும் ஒரே அழுத்தில் அனுப்பிவைத்தேன். கைப்பேசியில் எப்படித் தெரிகிறது என்று நான் பார்க்கவில்லை. மூலமே என்னிடம் இருக்கும்போது நகலை எதற்குப் பார்ப்பது?

செவ்வாய்க்கிழமை காலை உங்கள் தங்கை நாலு கட்டில் விரிப்பையும் நனைத்துப் பிழிந்து வாளியில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். முதல் கொடி முழுவதும் தையல்காரர் மனைவியின் துணிகள். "இன்னிக்கு எங்க முறைங்க" என்றிருக்கிறாள் இவள். "இல்லையே, எங்களுதுன்னுதானே இருக்கு" என்றிருக்கிறாள் அவள். உடனே இவள் எல்லார் காதிலும் விழும்படி, "எங்க வீட்டுக்காரர் போட்ட கட்டங்க அது. ஒரு நூல் பிசகாது. நீங்க சரியாப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். மைத்துனரே, இந்த வார்த்தையை நான் அன்று கேட்கவில்லை, பிறகு பல் டாக்டர் சொல்லித்தான் தெரியும். தையல்காரர் மனைவி கைப்பேசியை நீட்டினாள். கைப்பேசித் திரை அகலம் போதாமல், திங்கட்கிழமை நாலாம் கொடிக்காரரான "தை" மட்டும் கீழ் வரிக்கு இறங்கி, செவ்வாய்க்கிழமையின் தலைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கிற எவரும் செவ்வாய் முதல் கொடி தையல்காரருக்கு என்றுதான் சொல்வார்கள். உங்கள் தங்கையும் தன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே. நாலு விரிப்பையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினாள். படி நெடுகச் சொட்டு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை.

அந்தச் சத்தத்தில் நானும் வெளியே வந்தேன். "என்ன சார், உங்க கட்டத்துல குழப்பமாமே?" என்று வக்கீல் கேட்டார். வக்கீல் கேட்டால் யாருக்குமே எதையாவது மறுக்கத்தான் தோன்றும். நான் உடனே, "கட்டத்துல ஒரு குழப்பமும் இல்லீங்க. இவளுக்குக் கட்டம் பாக்கத் தெரியல, அவ்வளவுதான்" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாளியோடு தாண்டி உள்ளே போனாள். அதுதான் அவள் என்னைக் கடைசியாக முகத்துக்கு நேரே பார்த்தது.

மறுநாள் புதன்கிழமை பல் டாக்டர் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார். பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? சத்தம் போடாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். கைப்பேசி வெற்றிடத்தை மதிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் புள்ளி வைக்கலாமே என்று இடைவெளி இருந்த இடமெல்லாம் வரிசையாகப் புள்ளி அடித்து, "திருத்திய பதிப்பு" என்று தலைப்புப் போட்டு அனுப்பினேன். புள்ளி சேர்ந்ததில் வரி இன்னும் நீண்டு, ஒவ்வொரு வரியும் மூன்றாக ஒடிந்தது. அதைப் படித்த நாலு வீட்டார் வியாழக்கிழமை முதல் கொடி தங்களுக்கே என்று தனித்தனியாக முடிவுக்கு வந்தார்கள். நாலு வீட்டு ஈரத்துணியையும் ஒரே கொடி எவ்வளவு நேரம் சுமக்கும்? பதினோரு மணிக்கு அறுந்தது. வக்கீலின் கறுப்புக் கோட்டு தெருவில் போன மினி லாரியின் மேல் விழுந்து, அப்படியே வளைவு திரும்பிப் போய்விட்டது. வக்கீல் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். லாரி ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அவரும் பதிலுக்குக் கையாட்டினாராம்.

இப்போது எட்டு வீட்டாரும் அட்டவணையைக் கைவிட்டு, படிக்கட்டில் நின்று, "இன்னிக்கு யாரு?" என்று கூவிக் கேட்டுக்கொள்கிறார்கள். அது நன்றாகவே நடக்கிறது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன், மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். அவள் கட்டத்தைச் சரியாகத்தான் பார்த்தாள். என் திரையில் எப்படி இருந்ததோ அப்படியே நினைவில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவ்வளவு பேர் நடுவில் எனக்காகப் பேசினாள். நான் அவளுக்காகப் பேசவில்லை. புதன்கிழமையே தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடம் அடுத்தவன் தராசில் குற்றம் கண்டுபிடித்துப் பழகியவனுக்குத் தன் தராசைக் காட்ட வாய் வரவில்லை. ஒன்பது நாளாக இந்த வீட்டில் அவள் குரல் இல்லாமல் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஆனாலும் எட்டு வீட்டார் முன்னால் நான் எப்படிப் போய்ச் சொல்வது? அதனால்தான் கேட்கிறேன், நீங்கள் வியாழனுக்குள் வந்து, கணினிதான் கெட்டது என்று பதமாகச் சொல்லி அவளை நிறுத்திவிடுங்கள்.

உங்கள் வீட்டில் என்னைவிட மூத்தவர்களுக்கு என் வணக்கமும், இளையவர்களுக்கு ஆசியும், என் வயதுக்காரர்களுக்கு இரண்டில் எது பொருந்துமோ அதுவும் உரித்தாகுக.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்கு முன் சட்டை மாற்றலாம் என்று உள்ளே போனேன். அலமாரியில் ஒரு சட்டைகூட இல்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. திறந்தேன். என் ஆறு சட்டை, என் முதுகுவலித் தைலம், என் மாற்றுக் கண்ணாடி. அவளுடையது என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை. வெள்ளிக்கிழமை வண்டியில் உங்கள் மாடி அறைக்கு வந்து சேரப்போவது நான்தான் போலிருக்கிறது.

பெட்டிக்குள் சட்டைகளின் மேலே ஒரு தாள் இருந்தது. உங்கள் வீட்டம்மாவுக்கு அவள் எழுதியது. என் மாத்திரைகளுக்குப் பென்சிலால் கட்டம் போட்டிருக்கிறாள்: காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின். ஒரு கோடுகூட நேராக இல்லை. ஆனால் எந்த மாத்திரை எப்போது என்று ஒரு இடத்திலும் சந்தேகம் வரவில்லை. அடியில் இப்படி எழுதியிருக்கிறாள்: "அண்ணி, தன் மேல தப்புன்னா இவர் ஒத்துக்கவே மாட்டார். நீங்களும் அண்ணனும் வற்புறுத்தாதீங்க, சாப்பிடாம இருந்துடுவார்."

மணி நாலு. துணி எடுக்க எட்டு வீட்டாரும் மாடியில் இருக்கிற நேரம், அவளும் இப்போதுதான் மேலே போனாள். நானும் போகிறேன். வக்கீல் இருந்தாலும் சரி, எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். மேலே கணினியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள், அது ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் வரவேண்டாம். எதற்கும் மாடி அறையை மட்டும் சனிக்கிழமை வரை அப்படியே ஒழித்து வைத்திருங்கள்.